அக்காவின் சிவப்பு மை

காருக்குப் பின்னால் இருப்பதை ஓட்டுகிறவருக்குக் காட்டுவது என் வேலை. ரிவர்ஸ் கியர் போட்டதும் டேஷ்போர்டில் ஒரு படம் வருமே, அதைக் கேமராவிடமிருந்து வாங்கித் திரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருளை அடையாறில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கேட்டால் சாஃப்ட்வேர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். விளக்கமாகச் சொன்னால், "அப்படியா, எங்க வண்டியில கேமரா மங்கலா வருது, கொஞ்சம் பாருங்களேன்" என்று சாவியை நீட்டிவிடுவார்கள். எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். ஏன் வம்பு?

இதே வேலையை ஒருமுறை என் அக்காவுக்காகச் செய்தேன். அலுவலகத்தில் செய்த எதற்கும் நான் அவ்வளவு கத்தியதில்லை, அவ்வளவு பிடிவாதம் பிடித்ததுமில்லை.

அக்கா சாந்தோம் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பத்தில் யாரைத் தொட்டாலும் டீச்சர்தான்; தப்பித்தவள் நான் ஒருத்தி. அக்காவுக்குச் சில வருடங்களாக விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது. நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு மங்கல் திட்டு. ஓரப் பார்வை மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் காதைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பாள். கடைசி பெஞ்சில் எவள் எவளோடு குசுகுசு என்று பேசுகிறாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பலகையில் எழுதுவது கைக்குப் பழகிய வேலை, கண்ணை எதிர்பார்ப்பதில்லை. பிள்ளைகள் தாளில் எழுதியதைப் படிப்பதுதான் முடியாமல் போனது. சரிசெய்ய ஒன்றுமில்லை, நிறங்களும் போகப் போக மங்கலாம், இருக்கிற பார்வையை வைத்து வாழப் பழகுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயங்காலங்களில் கூட இருந்து பேப்பரை வாய்விட்டுப் படித்துக் காட்டி உதவிய இன்னொரு டீச்சர் ஓய்வு பெற்றுப் போனார். தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. எல்லோருக்கும் அவர் மதர். மதர் அக்காவைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"அரையாண்டு பேப்பரை நீங்களே திருத்திக் காட்டுங்க டீச்சர். முடியலன்னா லைப்ரரியைப் பாத்துக்குங்க. உங்களை நான் வெளிய அனுப்ப மாட்டேன். ஆனா பிள்ளைங்க மார்க்குக்கு நான் பதில் சொல்லணும் இல்லையா?"

மதர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. யார் மேல் காட்டுவது? அக்கா அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்.

"லைப்ரரிக்குப் போகச் சொல்றாங்கடி. அலமாரிக்கு நான் என்ன அல்ஜீப்ராவா சொல்லித் தர முடியும்?"

"நீ எங்கேயும் போக மாட்ட" என்றேன். "நான் செஞ்சு தர்றேன்."

என்ன செய்து தருவேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

போன் கேமராவால் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பள்ளியில் வகுப்புக்குள் போன் கூடாது, டீச்சருக்கும் கூடாது. கண் ஆஸ்பத்திரியில் பெரிதாக்கிக் காட்டும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதை அக்கா பயன்படுத்திப் பார்த்தாள், நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஒரு மேசையை முழுதாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மணி அடித்ததும் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓடுகிறவள் அதைத் தலையிலா தூக்கிப் போவாள்? தோள் பையில் போகிற மாதிரி ஒன்று வேண்டும். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு சின்னத் திரை, ஒரு கேமரா. முதல் இரண்டும் என்னிடம் இருந்தன.

கேமராவுக்காக ரிச்சி தெருவுக்குப் போனேன். எனக்குப் பழக்கமான கடை பாய், உருது பேசுகிற குடும்பம். பின்கட்டில் இருக்கும் தம்பியிடம் உருதில் கத்துவார், திரும்பி என்னிடம் மெட்ராஸ் தமிழில் பேசுவார்.

"இன்னா மேடம், கார் கேமராவா?"

"இல்ல பாய். எங்க அக்கா பேப்பர் திருத்தணும். எழுத்தைப் பெருசா காட்டணும்."

"போன்லயே கீதே மேடம் அது."

"ஸ்கூல்ல போன் உட மாட்டாங்க பாய்."

பாய் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தார். நகத்தளவு கேமராக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை வயர். "எது எந்த போர்டுல வேலை செய்யும்னு என்னைக் கேக்காதீங்க. அதெல்லாம் உங்க கையிலதான் கீது. அக்காவுக்குன்னு சொல்றீங்க, ரெண்டா எடுத்துக்கினு போங்க. ஒண்ணை எப்படியும் புகைய வுட்ருவீங்க." அவர் சொன்னபடியே ஒன்றைப் புகைய விட்டேன். அன்று வீடு திரும்பும் வழியில் தி. நகர் நடைபாதையில் கழுத்தை வளைக்கிற மாதிரி ஒரு மேசை விளக்கு வாங்கி, பல்பைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கேமராவைக் கட்டினேன்.

கேமராவை மாட்டினால் படம் வந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். மாட்டினால் ஒன்றும் வராது. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு ஜந்து தன்மேல் தொங்குவதே தெரியாது. அதற்கும் இதற்கும் நடுவில் பேச ஒரு சின்ன மென்பொருள் வேண்டும், டிரைவர் என்போம். அதை உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் முகம் தெரியாத ஒருவர் எழுதி, எடுத்துக்கோ, உனக்கு வேண்டியபடி மாற்றிக்கோ, மாற்றியதை எல்லோருக்கும் காட்டு என்று பொதுவில் வைத்திருப்பார். திறந்த மூல மென்பொருள் என்பது இதுதான். நான் அலுவலகத்தில் சாப்பிடுகிற சோறும் அதனால்தான். என் கேமராவுக்கும் ஒருவர் எழுதி வைத்திருந்தார், வேறொரு போர்டுக்காக. அதை என் போர்டுக்குப் பொருத்துவதில் ஒரு வாரக் காலைகள் போயின. முதல் படம் வந்தபோது தலைகீழாக வந்தது. நிறமும் மாறியிருந்தது.

"என் கை ஏன்டி கத்திரிக்காய் கலர்ல இருக்கு?" என்றாள் அக்கா.

"கை தெரியுது இல்ல? முதல்ல அதுக்குச் சந்தோஷப்படு."

நிறத்தைச் சரிசெய்தேன். அடுத்து டியூப்லைட்டின் கீழே வைத்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடின. நம் ஊர் கரண்டு துடிக்கிற வேகம் ஒன்று; எழுதியவரின் ஊரில் கரண்டு துடிக்கிற வேகம் வேறு. அவர் தன் வீட்டு விளக்குக்கு ஏற்றபடி எழுதியிருந்தார். அதையும் மாற்றினேன். தாளைக் கறுப்பாகவும் எழுத்தை வெள்ளையாகவும் திருப்பிக் காட்டினால் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு எழுத்தை இட்லி அளவுக்குப் பெரிதாக்கினேன். அவள் திரையின் ஓரத்துக்கு வெளியே சுவரைப் பார்த்தபடி, "மூணு எக்ஸ் கூட்டல் ஏழு" என்று படித்தாள்.

தாளை நகர்த்தியபோது வந்தது வினை. கை நகர்ந்த பிறகுதான் படம் நகர்ந்தது. ஒரு கண்சிமிட்டும் நேரம்தான் தாமதம். ஆனால் வரிக்கு வரி தாளை நகர்த்திக்கொண்டே படிக்கிறவளுக்கு அது கப்பலில் உட்கார்ந்து படிப்பது போல. அரைப் பக்கம் தாண்டுவதற்குள் தலையை மேசையில் சாய்த்துவிட்டாள்.

"வாந்தி வருதுடி. இது எனக்கு ஆகாது."

"ஆகும். ஒரு வாரம் கொடு."

இந்தக் கேமராவுக்குள்ளேயே வேகமாகப் படம் அனுப்பும் ஒரு வழி இருந்தது. டிரைவரை எழுதியவர் அதைத் திறந்துவிடவில்லை. அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்கள் கூடிப் பேசும் பொது மின்னஞ்சல் குழுவில் போய்க் கேட்டேன். ஏதோ குளிர் நாட்டிலிருந்து ஒருவர் பதில் போட்டார்: காகிதம் படிக்கத்தானே, இவ்வளவு வேகம் எதற்கு? எனக்கு வந்ததே கோபம்! உட்கார்ந்து நீளமாக எழுதினேன். என் அக்கா ஒரு டீச்சர், அவள் படிக்க வேண்டிய தாள் ஒன்று இரண்டு அல்ல, கட்டுக் கட்டாக இருக்கிறது, நீங்கள் ஒரு நாள் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் இந்தத் தாமதத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள் என்று. அனுப்பிய பிறகுதான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று தோன்றியது. மறுநாள் காலை பார்த்தால், எந்த எண்ணை எங்கே மாற்ற வேண்டும் என்று வரி வரியாக எழுதி அனுப்பியிருந்தார். சண்டை போட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. அதன்படி செய்ததில் தாமதம் போயே போய்விட்டது. அக்கா ஒரு முழுப் பக்கத்தை ஓட்டிவிட்டு, "காப்பி போடு" என்றாள்.

காப்பி குடித்துக்கொண்டே இன்னொரு குறை சொன்னாள்.

"இந்த மார்ஜின் கோடு இருக்கு பாரு, சிவப்பா நெட்டுக்கு. அது ஒண்ணு மாதிரியே தெரியுதுடி. பிள்ளை அஞ்சுன்னு எழுதினா நான் பதினஞ்சுன்னு படிக்கறேன். அதை எடுத்துட முடியுமா?"

எனக்கு இது சுலபமான வேலையாகப் பட்டது. கேமரா ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பார்க்கிறது. அதில் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிட்டால், வெள்ளைத் தாளும் சிவப்புக் கோடும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும். கோடு தாளோடு தாளாகக் கரைந்துவிடும். பிள்ளைகள் எழுதுகிற நீல மையோ முன்னைவிட அழுத்தமாக நிற்கும். இரண்டு வரி மாற்றினேன். கோடு மாயமாக மறைந்தது, எழுத்து கொட்டை கொட்டையாக நின்றது. அக்கா கைதட்டினாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. இதையே அலுவலகத்தில் செய்திருந்தால் நாலு மீட்டிங் போட்டிருப்பார்கள்.

அடுத்த நாட்களில் என் மகளின் ரஃப் நோட்டை வைத்து அக்கா பயிற்சி எடுத்தாள். ரஃப் நோட்டில் எல்லாக் கிறுக்கலும் இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும். இதைப் படித்தால் எதையும் படிக்கலாம் என்று நானேதான் எடுத்துக் கொடுத்தேன். ரஃப் நோட்டை எந்த டீச்சரும் திருத்துவதில்லை என்பது எங்கள் இருவர் மூளையிலும் உறைக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு வந்தது. கணக்குத் தாள் முதலிலேயே முடிந்ததால், ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவின் கட்டை அக்கா ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கருவியை வைத்துத் திருத்தினாள். தினமும், "எப்படிப் போகுது?" என்று கேட்டேன். "போகுது" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் மதர் எனக்கே போன் செய்து வரச் சொன்னார். போனேன். அக்கா அறையில் நின்றுகொண்டிருந்தாள். மேசை மேல் ஏ பிரிவின் தாள்கள் விரித்துக் கிடந்தன. ஒரே விடைக்கு ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று டிக். இரண்டு மார்க்கின் மேல் ஐந்து மார்க். சில இடங்களில் பேனாவை அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்திருந்தது. மொத்த மார்க் எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை.

"பேரன்ட்ஸ் கைக்கு இது போனா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மதர். திட்டவில்லை. அவருக்கும் குரல் கம்மியிருந்தது.

அக்கா அவர் காதைத் தாண்டிச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "நான் லைப்ரரிக்கே போறேன் மதர்."

நான் அக்காவின் பையிலிருந்து கருவியை எடுத்தேன். மதரின் மேசையிலேயே விளக்குக் கழுத்தை நிமிர்த்தி, ஒரு தாளை அடியில் தள்ளினேன். திரையில் பிள்ளை எழுதியது ஒவ்வொரு எழுத்தாகப் பளிச்சென்று நின்றது. அக்கா போட்ட டிக் ஒன்றுகூட இல்லை. தாளைப் பார்த்தேன், சிவப்பாக மூன்று டிக். திரையைப் பார்த்தேன், வெறும் இடம்.

"ஐயோ மாதாவே!" என்று மதர் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

மார்ஜின் கோட்டை அழித்த அதே இரண்டு வரி, டீச்சரின் சிவப்பு மையையும் அழித்திருந்தது. அக்கா டிக் போட்டிருக்கிறாள், திரையில் தெரியவில்லை, மறுபடி போட்டிருக்கிறாள், அழுத்திப் போட்டிருக்கிறாள்.

"உன் திரையில உன் மை தெரியலன்னு என்கிட்ட ஏன்டி சொல்லல?" அக்கா என்றும் பார்க்கவில்லை, டி போட்டுவிட்டேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "என் கண்ணுக்கு இனிமே சிவப்பு தெரியாதுன்னு நெனச்சேன். கலர் எல்லாம் மங்கும்னு டாக்டர் சொன்னாருல்ல. பிள்ளைங்க எழுதினது தெரியுது, நான் எழுதினது மட்டும் தெரியல. சரி, சிவப்பு போயிடுச்சு, அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன்."

அத்தனை நாளும் தன் பார்வையில் இன்னொரு துண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஞாபகத்தை மட்டும் வைத்து ஒரு கட்டையே திருத்தியிருக்கிறாள். எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. மதர் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. என் மென்பொருளுக்குத்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டு மதரிடம் திரும்பினேன். "வேற கலர் பேனா கொடுத்துடுங்க மதர், இன்னைக்கே முடிஞ்சுரும்."

மதர் தன் பையிலிருந்த பேனாவைக் காட்டினார். "பச்சை நான் கையெழுத்துப் போடுறது. நீலமும் கறுப்பும் பிள்ளைங்க எழுதுறது. டீச்சருக்கு என்ன பாக்கி இருக்கு?"

அக்கா மதருக்கும் ஒரு படி மேலே போனாள். "சிவப்புல இல்லன்னா அது திருத்தின பேப்பரே இல்லடி. பிள்ளைங்களே நம்பாது."

ஒரு நிமிடம் முன்பு லைப்ரரிக்குப் போகிறேன் என்றவள், இப்போது மைக்குச் சண்டை போடுகிறாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பி, சி இரண்டு பிரிவுகளின் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. ஏ பிரிவைத் தானே பார்த்துக்கொள்வதாக மதர் சொன்னார். மற்ற இரண்டும் பள்ளி திறக்கும் வரை தன் பீரோவில் இருக்கட்டும் என்றார். "திறக்கிற அன்னைக்கு என் முன்னால திருத்திக் காட்டணும். அதுக்கு மேல என்னால தள்ளிப் போட முடியாது" என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் அதிரசம் சுட்டது என் கணவர். நான் போர்டோடு உட்கார்ந்தேன்.

சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டது தப்பு. பச்சையை எடுத்துக்கொண்டால் நீல மை, சிவப்பு மை இரண்டும் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும். பிள்ளை எழுதிய எண் எது, தான் போட்ட மார்க் எது என்று அக்கா எப்படிப் பிரிப்பாள்? மூன்று நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாளில் மூன்றும் கிட்டத்தட்டச் சமம். நீல மையில் சிவப்பு குறைவு. சிவப்பு மையில் சிவப்பு மட்டும் தூக்கல். அப்படித் தூக்கலாக இருக்கும் புள்ளிகளையெல்லாம் மஞ்சளாகக் காட்டச் சொன்னேன். கறுப்பில் மஞ்சள் அக்காவின் ஓரப் பார்வைக்கு நன்றாகப் பிடிபட்டது. ஆனால் இந்தக் கணக்கு முழுவதையும் போட்டதில், பாடுபட்டு விரட்டிய தாமதம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. போர்டிலேயே படம் வரைவதற்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கணக்கை அங்கே மாற்றினேன். அதைச் செய்ய மூன்று முறை முழுவதையும் கலைத்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு நின்றபோது நான் காது கேட்காதவள் போல நின்றிருந்தேன் என்று கணவர் பிறகு சொன்னார்.

வீட்டில் சரியாக வந்தது. வேறு விளக்கின் கீழ் வைத்தால் தாள் முழுவதுமே மஞ்சளாகியது. விளக்கின் நிறம் மாறினால் தாளின் நிறமும் மாறுகிறது, பிறகு எது மை எது தாள் என்று அதற்குத் தெரியவில்லை. பள்ளியின் விளக்கிலேயே வைத்துச் சரிசெய்தால்தான் ஆகும் என்று புரிந்து, பூட்டிக் கிடந்த பள்ளிக்குப் போய்க் கான்வென்ட் மணியை அடித்தேன். கதவைத் திறந்தது மதர்தான்.

"பண்டிகை அதுவுமா வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?"

"கிளாஸ் ரூம்ல டியூப்லைட் வேணும் மதர்."

அவர் சாவிக்கொத்தோடு முன்னால் நடந்தார். ஒன்பதாம் வகுப்பு அறையில் டீச்சர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தேன். மதர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு நான் கேட்காமலே ஒரு தாளில் சிவப்பில் டிக் போட்டுக் கொடுத்தார். தெரிந்தது. பேனாவை மாற்றி, தேய்ந்துபோன சிவப்பில் போட்டார். அதுவும் தெரிந்தது. தன் பச்சையில் ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். அது வெள்ளையாக வந்தது. "என்னுது பிள்ளைங்களோட சேர்ந்துடுச்சு" என்று சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்காவிடம் காட்டியபோது அவள் ஒரு தாளில் டிக் போட்டாள். மஞ்சளாக ஒரு டிக் திரையில் இழுபட்டு வந்தது. இன்னொன்று போட்டாள். இன்னொன்று. தாள் முழுக்கச் சும்மாவே டிக் போட்டு நிரப்பினாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"மார்ஜின் கோடு திரும்ப வந்துடுச்சே."

"மஞ்சளாத்தானே இருக்கு? பிள்ளை எழுதின ஒண்ணு வெள்ளையா இருக்கும். இதுக்கு மேல ஏதாவது சொன்னே, அவ்வளவுதான்."

"சரி சரி, கோச்சுக்காதே" என்றாள்.

செய்த மாற்றங்களை வழக்கம் போலப் பொதுவில் போட்டேன். எதற்காக இந்த மாற்றம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது அங்கே விதி. டீச்சர்கள் சிவப்பு மையில் திருத்துவார்கள், அவர்கள் எழுதியது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன். அந்தக் குளிர் நாட்டுக்காரர், வேறு எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

பள்ளி திறந்த அன்று மதர் பீரோவிலிருந்து பி பிரிவின் கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். வராந்தாவில் நடந்தேன், திரும்பி நடந்தேன், நகத்தைக் கடித்தேன். கதவு திறந்து மதர் வந்தபோது அவர் கையில் ஒரு தாள் இருந்தது. ஒரு விடைக்கு ஒரு டிக். மார்க் அதனதன் இடத்தில். "டோட்டலை நான் கூட்டிப் பார்த்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா உள்ளே அடுத்த தாளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பேப்பர் கொடுக்கிற நாளன்றும் நான் அங்கே இருந்தேன். காலையில் திரை விட்டு விட்டு அணைகிறது என்று அக்கா சொன்னதால், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பட்டை வயரை மாற்றினேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க பி பிரிவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தாள். கொடுத்து முடித்ததுதான் தாமதம், பிள்ளைகள் எழுந்து மேசை முன்னால் வரிசை கட்டினார்கள். டோட்டலைக் கூட்டிப் பார்ப்பதும், மிஸ் இதுக்கு மார்க் போடல என்று தாளை நீட்டுவதும் எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். நானும் நீட்டியிருக்கிறேன். ஆனால் பாதி வகுப்பு எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

முதலில் நின்ற பெண் துறுதுறுவென்று இருந்தாள். "மிஸ், ஏழாவது கணக்குல ஒரு ஸ்டெப்புக்கு நீங்க மார்க் போடல மிஸ். அரை மார்க் வரும் மிஸ்."

"கொடு" என்றாள் அக்கா. தாளை வாங்கிக் கேமராவின் கீழே வைத்தாள். "எந்த ஸ்டெப்? விரலை வச்சுக் காட்டு."

திரையில் அந்தப் பெண்ணின் விரல் பெரிதாக வந்து நின்றது. தயங்கியது. ஒரு வரி கீழே இறங்கியது, மறுபடி மேலே போனது.

"இந்த வரிக்கு அடுத்து நேரா ஆன்சருக்குப் போயிட்ட" என்றாள் அக்கா. "நடுவுல ரெண்டு பக்கமும் மூணால வகுக்கணும். வகுத்தது எங்க?"

"மனசுல வகுத்தேன் மிஸ்."

"மனசுல எழுதினதைத் திருத்த எனக்கு யாரும் சொல்லித் தரலையே. போய் உட்காரு."

அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்றவர்கள் திரையைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். கடைசியில் நின்றவள் முதலில் நழுவி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் கையிலிருந்த தாளை மடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசையில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். அவள் டோட்டலில் நிஜமாகவே ஒரு மார்க் விட்டுப்போயிருந்தது. அக்கா கூட்டிப் பார்த்துச் சிவப்பில் திருத்திக் கொடுத்தாள்.

"வேற யாரு?" என்றாள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

மணி அடித்து, பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓடியதும் அக்கா கடைசி பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமா பேப்பர் கொடுக்கற அன்னைக்கு யார் வந்து கேட்டாலும் போட்டுக் கொடுத்துட்டிருந்தேன்டி. இல்லன்னு எதைப் பாத்துச் சொல்றது? அதுங்களுக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் வரிசைல வரும். அதுங்க கேக்கும், நான் போடுவேன். வெளிய போய்ச் சிரிக்கிறது எனக்குக் கேக்கும்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னைக்கு முடியாதுன்னு சொன்னேன், பாத்தியா?"

"பாத்தேன்."

"அரை மார்க்குடி. கொடுக்கலையே!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் விளக்கின் கழுத்தை மடக்கிப் பைக்குள் வைத்து, அடுத்த கட்டைக் கையில் எடுத்தாள்.

"வா, சி பிரிவுல எத்தனை பேர் வரிசைல நிக்கறாங்கன்னு பாக்கலாம்" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.